துறைமுக நகரத்தை அரூப ஓவியமாக்குவது: கலப்பு ஊடக வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்துகொண்டு துறைமுகத்தை வரைவதில் ஒரு வசதி உண்டு. கடல் கண்ணெதிரே இல்லாததால் அலையையும் படகையும் பார்த்துப் பார்த்து நகலெடுக்கும் ஆசை வராது. அதோடு, இந்த வேலைக்கு வேண்டிய பொருட்களில் முக்கால்வாசி நம் ஊரிலேயே கிடைக்கும்: கிரானைட் தூள், கேழ்வரகுச் சாக்கு, லேத்துப் பட்டறை இரும்புத் தூள், தேங்காய் நார்க் கயிறு.

இங்கே சொல்வது 24 × 36 அங்குலப் பலகையில் தூத்துக்குடியை வைத்துச் செய்யும் வேலை. சென்னை, நாகப்பட்டினம் என வேறு ஊரை எடுத்தாலும் படிகள் மாறாது. நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும்.

## 1. முதலில் வரிசை

பலகை, சாக்கு, பட்டி (கிரானைட் தூளும் எமல்ஷனும் கலந்த கெட்டிப் பூச்சு), அடி வண்ணம், துரு, காகிதம், கன்டெய்னர் நிறங்கள், கயிறும் இரும்பும், கடைசியில் வார்னிஷ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தண்ணீர் அதிகம் ஓடும் வேலை முன்னால் வரும். தண்ணீர் பட்டால் கெடும் வேலை பின்னால் வரும். கனமானது கடைசி, ஏனென்றால் கயிறு தொங்கும் பலகையைப் படுக்கவைத்து வண்ணம் பூச முடியாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கயிறையும் இரும்பையும்தான் முதலில் ஒட்டுகிறார்கள். கண்ணுக்கு அழகாக இருப்பது அவைதான், அதனால் அந்த ஆர்வம். பிறகு அவற்றைச் சுற்றிப் பிரஷ் போகாது, பட்டி போடத் தகடு போகாது, துருநீர் கயிற்றில் ஊறிப் பழுப்பாகும். பாதியில் எல்லாவற்றையும் பிய்க்க வேண்டிவரும்.

கை வேலை இரண்டு முழு நாளுக்கு மேல் வராது. காய்வதற்குத்தான் சுமார் 3 வாரம் வேண்டும்.

## 2. பார்க்க வேண்டியதைப் பார்த்து வருதல்

மைசூரு–தூத்துக்குடி ரயில் ஓசூர், தருமபுரி வழியாகவே போகிறது. ஒருமுறை போய்வர முடிந்தால் நல்லது. துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டில்லாமல் போக முடியாது. அங்கே படம் எடுக்கலாம் என்ற எண்ணத்தோடு கிளம்ப வேண்டாம். கடற்கரைச் சாலை, தோணிகள் நிற்கும் பழைய துறைமுகப் பக்கம், ஊருக்கு வெளியே சாலையோர உப்பளங்கள், இவை போதும்.

போக முடியாவிட்டாலும் பாதி வேலையை இங்கேயே முடிக்கலாம். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் சாலையிலும், ஓசூர்–சேலம் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் சாப்பாட்டுக் கடைகளில் நிற்கும். டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

துரு எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். கன்டெய்னர் முழுக்கத் துருப்பிடிப்பதில்லை. மூலை வார்ப்பின் (பெட்டியின் மூலையில் இருக்கும் இரும்புக் கட்டியின்) நீள்வட்டத் துளைக்கு அடியில், கதவுக் கீலுக்குக் கீழே, அடிபட்டு நசுங்கிய மடிப்பின் விளிம்பில்தான் அது தொடங்கும். பெயிண்ட் முதலில் சிறு கொப்பளமாக எழும்பி, உடைந்து, அதிலிருந்து துருநீர் தகட்டு மடிப்பின் பள்ளம் வழியாக நேர்கோடாக இறங்கும். மேட்டில் கோடு இருக்காது. இந்த ஒன்றைப் பார்க்காதவர்கள் பலகை முழுக்கப் பழுப்பைத் தெளித்துவிட்டு அதைத் துரு என்கிறார்கள்.

நோட்டில் மூன்று தலைப்பு போதும்: வடிவம், கறை, குறி.

வடிவத்தில் கவனிக்க வேண்டியது செவ்வகம். உப்பளத்தின் பாத்திகள் தரையில் படுத்த செவ்வகங்கள்; கன்டெய்னர்கள் அடுக்கி நிற்கும் செவ்வகங்கள். தூத்துக்குடியை அரூபமாக்க இந்த ஒரு பொருத்தமே போதும்.

கறையில் துருவோடு கப்பலின் அடிப்பாகச் சிவப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றிய கப்பலில் அந்தச் சிவப்புப் பட்டை மெல்லிதாகத் தெரியும். இறக்கிய பிறகு கப்பல் மேலெழும்பி, பட்டை உயரமாகத் தெரியும். ஆகவே உங்கள் பலகையில் சிவப்பு எவ்வளவு உயரம் என்பது வெறும் அலங்காரம் இல்லை.

குறிகளில் மூன்று பயன்படும். கன்டெய்னர் எண்: நான்கு எழுத்து, பிறகு ஏழு இலக்கம், ஏழாவது இலக்கம் சரிபார்ப்பு எண் என்பதால் தனிக் கட்டத்துக்குள் இருக்கும். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்ட அதன் முகப்பில் செங்குத்தாக ஏறும் ஆழ எண்கள்: மெட்ரிக் முறையில் ஒவ்வொரு இலக்கமும் 10 செ.மீ. உயரம், நடுவில் 10 செ.மீ. இடைவெளி. எந்த அளவுவரை சரக்கு ஏற்றலாம் என்று காட்ட, கப்பலின் நடுப்பக்கத்தில் இருக்கும் சுமைக் குறி: 300 மி.மீ. விட்டமுள்ள வளையம், அதன் நடுவே குறுக்காக 450 மி.மீ. கோடு. அளவைச் சுருக்கினாலும் அந்த 2:3 விகிதத்தை விடாதீர்கள். விகிதம் சரியாக இருந்தால் வளையத்தின் பாதியை மட்டும் வைத்தாலும் துறைமுகம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

## 3. வாங்க வேண்டியவை

பிளைவுட் 9 மி.மீ., 2 × 3 அடி. கடையில் வெட்டு மிச்சமாகவே கிடைக்கும். 18 மி.மீ. வேண்டாம், சுவரில் மாட்டும்போது ஆணிதான் அழும். பின்பக்கச் சட்டத்துக்கு ஒன்றரை அங்குல ரீப்பர் 12 அடி.

அக்ரிலிக் பிரைமர் அல்லது ஜெஸ்ஸோ 500 மில்லி. வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை அக்ரிலிக் எமல்ஷன் 1 லிட்டர். அக்ரிலிக் மேட் மீடியம் (நிறமும் பளபளப்பும் இல்லாத அக்ரிலிக் பசை) 250 மில்லி. மீடியம் உள்ளூர் ஸ்டேஷனரியில் இல்லாவிட்டால் சேலத்திலோ பெங்களூரிலோ வாங்கி வையுங்கள். இதற்குப் பதில் ஃபெவிகால் போதும் என்று நினைப்பதுதான் பல பலகைகளைக் கெடுக்கிறது. மரத்துக்கான வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். ரீப்பர் ஒட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக் வண்ணங்கள் ஆறு: வெள்ளை, கருப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், ஒரு பளிச் மஞ்சள். வெள்ளையை மட்டும் பெரிய டப்பாவாக வாங்குங்கள். பச்சை வாங்க வேண்டாம். மஞ்சளும் கருப்பும் கலந்தால் துறைமுகத் தண்ணீரின் அழுக்குப் பச்சை வரும். டியூபிலிருந்து வரும் பச்சையில் அது வராது.

கிரானைட் தூள் 1 கிலோ. சுத்தமான இரும்புத் தூள் 150 கிராம். சணல் சாக்கு ஒன்று. நார்க் கயிறு 2 மீட்டர். வெள்ளை வினிகர், ஆப்ப சோடா, மாஸ்கிங் டேப், 120, 220 எண் உப்புத்தாள், இரண்டு பட்டித் தகடு, கையுறை, என்-95 முகக்கவசம்.

கிருஷ்ணகிரி பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் தூள் இரண்டு விதம். பெரிய ரம்பத்தில் அறுக்கும்போது வரும் சேற்றில் இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். பாலிஷ் செய்யும் இடத்துத் தூளில் அது குறைவு. எதுவாக இருந்தாலும் காயவைத்து, ஒரு காந்தத்தைப் பாலித்தீனில் சுற்றித் தூளுக்குள் துழாவுங்கள். கருப்பாகப் பிசிர் ஒட்டினால் அதில் இரும்பு இருக்கிறது. வெள்ளைப் பகுதியில் அதைப் போட்டால் ஆறு மாதத்தில் பழுப்புப் புள்ளி எழும்பும். கிரானைட்டில் இருப்பது சிலிகா, நுரையீரலுக்குக் கெடுதல். சலிக்கும்போதும் கலக்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். வீட்டுக்குள் சலிக்காதீர்கள்.

இரும்புத் தூளுக்கு ஓசூர் லேத்துப் பட்டறைகளில் கேளுங்கள். வார்ப்பிரும்பு கடையும்போது விழுவது பொடியாக இருக்கும், அதுதான் வேண்டும். மைல்டு ஸ்டீல் சுருள் சுருளாக விழும், கையைக் கிழிக்கும். அலுமினியமும் பித்தளையும் கலந்திருந்தால் காந்தத்தில் ஒட்டாது, அவற்றை ஒதுக்குங்கள். பட்டறைத் தூளில் எண்ணெய் இருக்கும். சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் இரண்டு முறை அலசி வெயிலில் பரப்புங்கள். எண்ணெய் போகாவிட்டால் துரு ஏறாது.

## 4. பலகையைத் தயார் செய்தல்

ரீப்பரை நான்கு பக்கமும் பின்னால் ஒட்டி, 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ கொடுங்கள். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் போடுங்கள். பட்டி காயும்போது சுருங்கி மேல் முகத்தை இழுக்கும். சட்டம் இல்லாத 9 மி.மீ. பலகை கிண்ணம்போல் வளையும்.

முன்பக்கம் 120 தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, பிரைமர் இரண்டு கோட். முதல் கோட்டில் கால் பங்கு தண்ணீர் கலக்கலாம். இரண்டாவதில் கலக்க வேண்டாம். பின்பக்கமும் விளிம்புகளும் ஒரு கோட். பின்பக்கம் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு முகம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை திரும்பிக்கொள்ளும், அதற்காகத்தான். கோட்டுக்குக் கோட் 4 மணி நேரம் விடுங்கள்.

ஏப்ரல், மே வெயிலில் தருமபுரியில் மதியம் இந்த வேலை வேண்டாம். பிரஷ் நகர்வதற்குள் காய்ந்து தடம் நின்றுவிடும். காலை 10 மணிக்கு முன்போ மாலையிலோ செய்யுங்கள். ஓசூரின் குளிரில் இதே கோட் காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்; தொட்டுப் பார்த்துவிட்டே அடுத்தது.

## 5. சாக்கைப் பதப்படுத்துதல்

பலகை காயும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு ஆகாது, அதில் எந்தப் பசையும் பிடிக்காது. சணல்தான் வேண்டும். கேழ்வரகு, அரிசி வந்த சாக்கு நல்லது. மண்டியில் புளி வந்த சாக்கு மலிவாகக் கிடைக்கும், எடுக்காதீர்கள். புளி ஊறியதைக் கழுவி மாளாது, எறும்பும் விடாது.

சணல் ஆலையில் நாரை மென்மையாக்க எண்ணெய் சேர்ப்பார்கள். அந்த எண்ணெயும் நாரின் சாயமும் பின்னால் வெள்ளை வண்ணத்தின் ஊடே மஞ்சளாகக் கசியும். வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பிறகு மீடியமும் தண்ணீரும் சமபங்கு கலந்து இரண்டு பக்கமும் பூசிக் காயவிடுங்கள். இப்போது கத்தரித்தாலும் நூல் பிரியாது.

விளிம்பைக் கத்தரியால் நேராக வெட்டாமல் ஒன்றிரண்டு பக்கம் நூலை உருவி விடுங்கள். எல்லாப் பக்கமும் பிசிர் வைத்தால் அது பள்ளிக் கண்காட்சிச் சாயலுக்குப் போய்விடும்.

## 6. பலகையைப் பிரித்தல்

முதலில் 2 × 3 அங்குலத்தில் ஆறு சிறு வரைவுகள். அதில் ஒன்றைத் தேர்ந்து பென்சிலால் பலகைக்குப் பெரிதாக்குங்கள்.

புதியவர்கள் இடறும் இடம் இது: நடுவில் குறுக்காக ஒரு கோடு போடுவார்கள். அந்த நொடியே மேலே வானம், கீழே கடல். அதற்குப் பிறகு நீங்கள் என்ன ஒட்டினாலும் பார்ப்பவருக்கு அது கடற்கரைக் காட்சிதான்.

அதைத் தவிர்க்க ஒரு வழி, இரண்டு பார்வையை ஒரே பலகையில் வைப்பது. உப்பளத்தை மேலிருந்து பார்ப்பதாகவும் கன்டெய்னரைப் பக்கவாட்டில் பார்ப்பதாகவும் வையுங்கள். கீழ் இடது மூலையிலிருந்து பாதிப் பலகைக்குப் பாத்திகள் சாய்வாக ஏறட்டும். மேல் வலதில் கன்டெய்னர் அடுக்கு நேராக நிற்கட்டும். இரண்டுக்கும் நடுவே வளைந்து போகும் ஒரு வெற்றுப் பட்டை, சுமார் 4 அங்குல அகலம். அது தண்ணீர். அங்கே எதையும் ஒட்டாதீர்கள், எவ்வளவு கை அரித்தாலும்.

கன்டெய்னரின் அளவை ஊகித்து வரையாதீர்கள். 20 அடிப் பெட்டியின் நீளம் 6.06 மீட்டர், உயரம் 2.59 மீட்டர். பலகையில் உயரம் 20 மி.மீ. என்றால் நீளம் 47 மி.மீ.; 40 அடிப் பெட்டி 94 மி.மீ. அட்டையில் இந்த இரண்டு அச்சும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீளம் குறைந்தால் அது செங்கல் சுவராகத் தெரியும். விகிதம் தவறிய வேலையில் முதலில் உறுத்துவது இதுதான்.

சாக்கை இந்தக் கட்டத்தில் ஒட்டிவிடுங்கள்: பலகையில் மீடியம் தடவி, சாக்கை வைத்து, மேலேயும் மீடியம் பூசி, பாலித்தீன் விரித்துப் புத்தகங்களைப் பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள். உப்பளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு கரையாக வந்தால் போதும். பலகையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் சாக்கு வேண்டாம்.

## 7. கிரானைட் பட்டி

ஒரு பங்கு எமல்ஷனுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு சலித்த தூள். வடை மாவுப் பதம் வரவேண்டும். தகட்டில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது. இந்தப் பலகைக்கு அரை லிட்டர் பட்டி போதும். தூளைச் சிறிது சிறிதாகச் சேருங்கள், ஒவ்வொரு கம்பெனி எமல்ஷனும் ஒவ்வொரு அளவு குடிக்கும்.

பெரிய பரப்பில் போடுவதற்கு முன் ஒரு துண்டுப் பலகையில் தடவி, ஒரு நாள் கழித்து நகத்தால் கீறுங்கள். தூளாக உதிர்ந்தால் தூள் அதிகம், எமல்ஷன் சேர்க்க வேண்டும். ரப்பராக இழுத்தால் தூள் குறைவு.

ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் போடாதீர்கள். மேல் தோல் காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் சுருங்கும்போது வெடிக்கும். 5 மி.மீ. உயரம் வேண்டுமானால் மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரம். வெடிப்பு வந்துவிட்டால் அதை வேண்டுமென்றே வந்த அழகு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒட்டாத பட்டி மாட்டிய பிறகு உதிரும். சுரண்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

பாத்திகளின் வரப்புக்கு மாஸ்கிங் டேப்பை இரண்டு வரிசையாக ஒட்டி, நடுவில் பட்டியை இழுத்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் விளிம்பு பெயர்ந்து வரும். கன்டெய்னர் பகுதிக்கு மெல்லிய பட்டி தடவி, பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தில் 2 மி.மீ. பற்கள் வெட்டி மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுங்கள். தகட்டு மடிப்பு வந்துவிடும். நெளி அட்டையை ஒட்டி இதைச் செய்பவர்கள் உண்டு. அது ஈரத்தில் நசுங்கும், இரண்டு வருடத்தில் பழுப்பாகும்.

மார்பிள் தூள் வைத்தும் பட்டி செய்யலாம். ஆனால் துரு வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாது. அது வினிகர் பட்டால் நுரைத்துப் பொங்கி மேற்பரப்பு இளகும். அறுப்புச் சேற்றில் இருக்கும் சுண்ணாம்பும் வினிகரின் வேகத்தைக் குறைத்துவிடும்.

உப்பளம் என்றவுடன் நிஜ உப்பையே ஒட்ட ஆசை வரும். வேண்டாம். உப்பு ஈரம் இழுக்கும். ஐப்பசி மழையில் கசிந்து, வெயிலில் மறுபடி படிந்து, சுற்றியுள்ள வண்ணத்தைத் தூக்கிவிடும். பக்கத்து இரும்பையும் விடாது. வெள்ளை எமல்ஷனில் கொஞ்சம் சொரசொரப்பான கிரானைட் குருணை கலந்து வைத்தால் உப்புக் குவியலின் மினுமினுப்பு வரும். அது நீடிக்கும்.

## 8. அடி வண்ணம்

பட்டி முழுதாகக் காய்ந்ததும் நீர்த்த வண்ணம். இதற்குப் போர்த் தண்ணீர் கூடாது. நம் பக்கத்துத் தண்ணீரில் உள்ள உப்பு மெல்லிய பூச்சில் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். கேன் தண்ணீர் அரை லிட்டர் போதும்.

உப்பளப் பாத்திகளுக்கு வெள்ளையில் துளி யெல்லோ ஆக்கர். எல்லாப் பாத்தியும் ஒரே வெள்ளையாக இருக்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த பாத்தி சாம்பல் நீலம். வற்றுகிற பாத்தியில் லேசாக மண் நிறம். உப்பு விளைந்த பாத்திதான் முழு வெள்ளை. தண்ணீர்ப் பட்டைக்கு மஞ்சள், கருப்பு, கொஞ்சம் வெள்ளை கலந்த சாம்பல் பச்சை. மூன்று மெல்லிய பூச்சு. நீலக் கடல் பூசுகிறவர்கள் துறைமுகத்துத் தண்ணீரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

நிறங்களின் அளவு பற்றி ஒரு கணக்கு: வெள்ளையும் சாம்பல் பச்சையும் பாதிக்கு மேல், துருவும் கருப்பும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட, மிச்சம் மட்டுமே கன்டெய்னரின் பளிச் நிறங்கள். பளிச் நிறம் கூடினால் எல்லாம் கத்தும், எதுவும் கேட்காது.

## 9. துரு ஏற்றுதல்

இந்த வேலையின் கடினமான கட்டம் இது. திறந்த வெளியில், கையுறையோடு செய்யுங்கள். பலகை படுத்திருக்கட்டும்.

துரு வேண்டிய இடத்தில், அதாவது கன்டெய்னர் மூலைகளுக்குக் கீழேயும், கப்பலின் சிவப்புப் பட்டை வைத்திருந்தால் அதன் மேல் விளிம்பிலும், மேட் மீடியத்தைப் பிரஷால் தடவி, ஈரமாக இருக்கும்போதே இரும்புத் தூளைத் தூவி விரலால் மெதுவாக அழுத்துங்கள். மீடியத்தோடு தூளைக் கலந்து பூசினால் ஒவ்வொரு துகளும் பிளாஸ்டிக் தோலுக்குள் போய்விடும், துரு ஏறாது. தூள் மேலே திறந்து நிற்க வேண்டும். 12 மணி நேரம் கழித்துப் பலகையை நிமிர்த்தித் தட்டி, ஒட்டாத தூளைத் திரும்ப டப்பாவில் சேருங்கள்.

100 மில்லி வினிகரில் அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, இரும்பின்மேல் மட்டும் நனையத் தெளியுங்கள். கடலோர ஊரில் இதை அப்படியே விட்டால் போதும், காற்றே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், துருவும் அங்கேயே நின்றுவிடும். தெளித்தவுடன் அந்த இடத்தைப் பாலித்தீனால் மூடி, ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். பாலித்தீன் நேராக இரும்பில் படாமல் நாலு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுங்கள். 3 மணி நேரம் கழித்துத் திறந்து காற்று படவிட்டு, மறுபடி தெளித்து மூடுங்கள். நாலைந்து தடவையில் கருப்பு, ஆரஞ்சாகி, பழுப்பாகும்.

துருநீர் வழிந்த கோடு வேண்டுமென்றால், கடைசித் தெளிப்பில் மட்டும் பலகையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மடிப்பின் பள்ளங்கள் தண்ணீரைத் தாமே நேராக இறக்கும். வழியக் கூடாத இடங்களை முன்னாலேயே டேப்பால் மறைத்திருக்க வேண்டும்.

நிறம் போதும் என்றதும் நிறுத்த வேண்டும், அது தானாக நிற்காது. 250 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் கேன் தண்ணீரால் மூன்று முறை ஒற்றுங்கள். இந்த மூன்று முறையைச் சோம்பலில் விடுகிறவர்களின் பலகையில்தான் வார்னிஷுக்கு அடியில் துரு ஊர்ந்து வருகிறது. மீந்த உப்பு அங்கே ஈரம் பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் காயவிட்டு, மேட் மீடியம் இரண்டு மெல்லிய கோட்.

## 10. காகிதமும் எழுத்தும்

எழுத்துகளைப் பிரஷால் எழுதுவதைவிட ஜெராக்ஸிலிருந்து மாற்றுவது நல்லது; தேய்ந்த ஸ்டென்சில் போலவே வரும். லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் மட்டும். இங்க்ஜெட் மை கரைந்து ஓடும்.

கண்ணாடிப் பிம்பமாகப் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். பலகையில் மீடியம் தடவி, அச்சு முகம் கீழே இருக்க வைத்து, காற்றுக் குமிழி போகத் தேய்த்து, 24 மணி நேரம் விடுங்கள். பிறகு ஈர விரலால் காகிதத்தை உருட்டி உருட்டி எடுங்கள். அவசரப்பட்டால் எழுத்தும் சேர்ந்து வரும். முதல் சுற்றில் தெளிவாகத் தெரியும் எழுத்து காய்ந்ததும் வெளிறும். நார் மிச்சம் இருக்கிறது, மறுபடி நனைத்துத் தேயுங்கள்.

நிஜக் கம்பெனிகளின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுக்காமல், இலக்கங்களைக் கலைத்து, பாதியை வெட்டி ஒட்டுங்கள். முழு எண் இருந்தால் பார்ப்பவர் படிக்கத் தொடங்கிவிடுவார், பார்ப்பது நின்றுவிடும்.

## 11. கன்டெய்னர் நிறங்கள்

அட்டை அச்சை வைத்துக் கோடு போட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் முதலில் மீடியம் ஒரு பூச்சு. அடியில் கசிவது நிறமில்லாத மீடியமாக இருக்கும். அதன்மேல் வண்ணம் பூசினால் விளிம்பு கத்தி வைத்ததுபோல் நிற்கும். நீலம், செம்பழுப்பு, சாம்பல் அதிகம்; மஞ்சள் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும்.

எல்லாப் பெட்டியையும் முழுதாக மூடிப் பூசாதீர்கள். சிலவற்றில் அடிப் பட்டியும் துருவும் தெரியட்டும். காய்ந்த பிறகு 220 தாளை நனைத்து மடிப்பின் மேடுகளை மட்டும் தேய்த்தால் அடி நிறம் கோடு கோடாக எட்டிப் பார்க்கும்.

தண்ணீர்ப் பட்டையின் கடல் பக்க வாயில், விரும்பினால், கொத்தமல்லி விதையளவு இரண்டு புள்ளி: கடலிலிருந்து உள்ளே வருபவருக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. இந்தியத் துறைமுகங்களின் மிதவைகள் அப்படித்தான். மாற்றி வைத்தால் மாலுமி ஒருவர் கண்டுபிடிப்பார், மற்றவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். இருந்தாலும் சரியாக வையுங்கள்.

## 12. கயிறும் இரும்புத் துண்டும்

கப்பலைக் கரையில் கட்டும் கயிறு பெரும்பாலும் செயற்கை நார். அதன் துண்டு கிடைத்தாலும் பசை பிடிக்காது. காவேரிப்பட்டணம் பக்கம் கிடைக்கும் தேங்காய் நார்க் கயிறு போதும். உதறி, நீர்த்த மீடியத்தில் முக்கிக் காயவையுங்கள், பிசிர் அடங்கும்.

பசையை மட்டும் நம்பாதீர்கள். கயிறு போகும் வழியில் 4 அங்குலத்துக்கு ஒரு ஜோடித் துளை போட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் கட்டிப் பின்னால் முறுக்குங்கள். துளை போடும்போது பலகைக்கு அடியில் கட்டை கொடுக்காவிட்டால் பின்பக்கப் பிளை பிளந்துவிடும். முன்பக்கப் பட்டி பெயராமலிருக்க, துளைக்கும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டு அதன் மேலேயே துளையுங்கள்.

பழைய இரும்புக் கடை வாஷர், சங்கிலிக் கண்ணி என்று வாங்கி வந்தால் இரண்டோடு நிறுத்துங்கள். 100 கிராமுக்கு மேல் எடையுள்ளதை ஸ்குரூ போட்டே பொருத்த வேண்டும்.

## 13. வார்னிஷும் மாட்டுதலும்

கடைசி வண்ணத்துக்குப் பிறகு இரண்டு வாரம் விடுங்கள். பட்டியின் உள் ஈரம் வெளியேறாமல் வார்னிஷ் பூசினால் பால்போல மங்கும். அக்ரிலிக் மேட் வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட், குறுக்கும் நெடுக்குமாக.

பலகை முழுக்க எபாக்ஸி ரெசின் ஊற்றும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. துருவும் உப்பளமும் சாக்கும் ஒரே கண்ணாடிக்கு அடியில் போய்விடும். இத்தனை நாள் உழைத்த சொரசொரப்பு கையிலும் படாது, கண்ணிலும் படாது. ரெசின் வேண்டுமென்றால் தண்ணீர்ப் பட்டையில் மட்டும் ஊற்றுங்கள். 1 சதுர அடிக்கு 1 மி.மீ. கனத்துக்கு சுமார் 93 மில்லி பிடிக்கும். இரு கரையிலும் பட்டி வரப்பு உயரமாக இருக்க வேண்டும். பலகையை ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். கோடை மதியத்தில் கலவை கப்பிலேயே சூடேறி இறுகிவிடும், காலையில் செய்யுங்கள்.

மாட்டுவதற்குப் பின்சட்டத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இரண்டு டி-வளையம், நடுவில் பின்னல் கம்பி. சுவரில் ஒரே ஆணி போதாது, ஓர் அடி இடைவெளியில் இரண்டு ரால் பிளக் போடுங்கள். சமையலறைச் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம், இரும்பு இன்னும் ஈரத்தைத் தேடும். பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் முகத்தின்மேல் பபிள் ஷீட்டை நேராகச் சுற்றாதீர்கள். வெயிலில் குமிழியின் அச்சு வார்னிஷில் பதியும். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் அட்டை, பிறகு பபிள் ஷீட்.